வைஃபை பிரிண்டரோடு நான்கு வருடம்: மேற்கு மாம்பலத்து டியூஷன் வீட்டிலிருந்து

வீட்டுக்கு பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இங்க் எத்தனை நாள் வரும் என்றுதான். நான்கு வருடத்தில் இங்க் எனக்குத் தொல்லை கொடுத்தது இரண்டே முறை. வைஃபை இணைப்போ முதல் ஒன்றரை வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதற்கப்புறம் பெரிய தொல்லை இல்லை. நடுவில் நான் பிரிண்டரை மாற்றவில்லை, ரூட்டரில் சில விஷயங்களைத்தான் மாற்றினேன். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

2021 ஜூலையில் வாங்கியது. இங்க் டாங்க் வகை. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு. நான் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஊரடங்கில் தெருமுனை ஜெராக்ஸ் கடை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வினாத்தாளைக் கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் வாங்கினோம். இப்போது பக்கக் கணக்கு பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது. வினாத்தாள், மகனின் பள்ளி பிராஜெக்ட், மார்கழியில் அத்தைக்குப் பெரிய எழுத்தில் பாசுரம், எல்லாம் சேர்த்துத்தான்.

முதல் நாள் கதையிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியைப் பிரித்து, இங்க் ஊற்றி, போனில் செயலியை இறக்கி, வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால் 'பிரிண்டர் கிடைக்கவில்லை' என்று வந்தது. மூன்று முறை செய்தும் அதேதான். பிரிண்டரின் நீல விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. காரணம் மிக எளியது. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று. வீட்டு உபயோக பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். எங்கள் ரூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். போன் 5-ல் போய் உட்கார்ந்துகொண்டது, பிரிண்டருக்கு அந்தப் பக்கம் கண்ணே தெரியவில்லை.

ரூட்டர் செட்டிங்ஸில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். போனை 2.4 பெயரில் இணைத்துவிட்டுச் செயலியைத் திறந்ததும் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒருமுறை இணைந்த பிறகு போன் எந்த அலைவரிசையில் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே ரூட்டருக்குள்தானே வருகின்றன. முதல் அறிமுகத்துக்குத்தான் 2.4 வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் எத்தனையோ வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

திரையில்லாத பிரிண்டர் என்றால் டபிள்யூபிஎஸ் பட்டன் சுலபமான வழி. ரூட்டரில் அந்தப் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்தினால் போதும், பாஸ்வேர்டே தட்ட வேண்டாம். ஆனால் அதே டபிள்யூபிஎஸ்ஸில் எட்டு இலக்க எண்ணைக் கொடுத்து இணைக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. அதை எளிதாக உடைக்கலாம் என்பது 2011-லேயே வெளியில் வந்துவிட்டது. ரூட்டரில் அந்த எண் வழியை அணைத்துவிடுங்கள். நான் டபிள்யூபிஎஸ்ஸை மொத்தமாகவே அணைத்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது, பிரிண்டரை வைத்த இடம். டியூஷன் நடக்கும் முன் அறையில் இடமில்லை என்று உள் அறையில் அத்தையின் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தோம். ரூட்டர் ஹாலில், டிவிக்கு மேலே. நடுவில் எப்படிப் பார்த்தாலும் பதினைந்து அடிதான். ஒரு பக்க வினாத்தாள் ஒழுங்காக வரும். படங்கள் நிறைந்த வடிவியல் தாள் அனுப்பினால் பாதியில் நிற்கும், தாள் பிரிண்டருக்குள் பாதி நுழைந்து அப்படியே காத்துக்கொண்டிருக்கும். வாங்கிய கடையில் கேட்டால் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு நாள் போனை பிரிண்டரின் தலையிலேயே வைத்து சிக்னல் பார்த்தேன், ஒரே ஒரு கோடு. போனை பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு கை தூரம் நகர்த்தினேன், முழுக் கோடுகள். செங்கல் சுவரை வைஃபை ஓரளவு தாண்டிவிடும், இரும்புத் தகட்டைத் தாண்டாது. பிரிண்டரை ஜன்னல் பக்கத்து ஸ்டூலுக்கு மாற்றினோம். அன்றோடு அந்தப் பாதியில் நிற்கும் வியாதி போயிற்று. வாங்குவதற்கு முன்னாலேயே பிரிண்டர் வைக்கப்போகும் இடத்தில் போனை வைத்துப் பார்த்துவிடுங்கள், செலவில்லாத சோதனை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் இருபதுக்கு மேல் தெரியும். ஒரே அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளைச் சேனல் என்கிறார்கள். 2.4-ல் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் என்றால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். முக்கால்வாசிப் பேர் 6-ல் இருந்தார்கள். நான் 1-க்கு மாற்றினேன், கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது என்பதால் ரூட்டரை அதனருகில் வைக்காதீர்கள்.

இனி பெரிய தலைவலிக்கு வருகிறேன். 2022 மார்ச், பிளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட். காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் படியேறி வருகிறார்கள். லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தால் 'ஆஃப்லைன்' என்கிறது. பிரிண்டரில் நீல விளக்கு ஆடாமல் அசையாமல் எரிகிறது, அதாவது அதன் கணக்கில் அது இணைப்பில்தான் இருக்கிறது. முந்தின நாள் இரவுகூட பிரிண்ட் எடுத்தேன். "மிஸ், நான் போர்டில் எழுதட்டுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்றைக்கு அவள்தான் முப்பது கேள்விகளையும் போர்டில் எழுதினாள்.

மாம்பலத்தில் போர்ஷன் வீடுகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மூன்றாம் போர்ஷனில் இருந்தவர் ஐந்தாம் போர்ஷனுக்கு மாறிவிட்டார், தபால்காரருக்கு அது தெரியாது. அவர் மூன்றாம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆள் அதே வீட்டில்தான் இருக்கிறார். ரூட்டர் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தாலோ, காலம் முடிந்தாலோ வேறு எண் கொடுத்துவிடலாம். லேப்டாப் பழைய எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். 'ஆஃப்லைன்' என்று வரும்போதெல்லாம் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதற்கு நான் முதலில் செய்த வைத்தியம் தப்பு. பிரிண்டரின் மெனுவிலேயே 192.168.1.5 என்று நிலையான எண்ணைப் போட்டுவிட்டேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ரூட்டர், அந்த எண் காலியாக இருக்கிறது என்று நினைத்து அதையே டிவிக்குக் கொடுத்துவிட்டது. டிவி போட்டால் பிரிண்ட் வராது, டிவியை அணைத்தால் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவே மூன்று நாள் ஆயிற்று. சரியான வழி, எண்ணை ரூட்டரிலேயே ஒதுக்கி வைப்பது. பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டால் அதில் மேக் முகவரி என்று, அந்தக் கருவிக்கே உரிய அடையாளமாக, எண்ணும் எழுத்தும் கலந்த 12 எழுத்துகள் இருக்கும். ரூட்டரில் ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அந்த 12 எழுத்துகளையும், நமக்குப் பிடித்த எண்ணையும் கொடுத்துச் சேமித்தால் முடிந்தது. நான் 192.168.1.50 கொடுத்தேன். பிரிண்டரில் பழையபடி 'தானியங்கி' என்று மாற்றிவிட்டேன். 2022 டிசம்பரிலிருந்து இன்றுவரை அந்த எண் மாறவில்லை.

அப்புறமும் லேப்டாப் சில நாள் பிடிவாதம் பிடித்தது. விண்டோஸ் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது பல சமயம் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் சேர்த்துவிடுகிறது (லேப்டாப் பிரிண்டரோடு பேசும் வழிக்குத்தான் போர்ட் என்று பெயர்). என் அனுபவத்தில் அது அடிக்கடி பொய் சொல்கிறது. பழைய பிரிண்டர் பெயர்கள் எல்லாவற்றையும் அழித்தேன், 'காப்பி 1' என்று ஒரு போலி வேறு உட்கார்ந்திருந்தது. பிறகு ஐபி எண்ணைக் கொடுத்து டிசிபி/ஐபி போர்ட்டில் கையால் சேர்த்தேன். அந்த போர்ட் செட்டிங்ஸில், பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி என்று ஒரு டிக் இருக்கும். பிரிண்டர் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள். எனக்கு அதில்தான் தீர்ந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இரண்டு நாள் இல்லை. முதல் மாடி என்பதால் பொருளுக்குச் சேதமில்லை. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்றன, பிரிண்டர் மட்டும் வரவில்லை. விவரப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் முகவரி 169.254 என்று தொடங்கியது. ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காத கருவி தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது, ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு பிரிண்டர் தனக்கே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. அணைத்துப் போட்டதும் 50-க்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தோம். அணைக்கும்போது பிரிண்டரின் பட்டனில் அணையுங்கள், சுவர் ஸ்விட்சில் வேண்டாம். பட்டனில் அணைத்தால்தான் இங்க் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். திறந்தபடி நின்றால் சென்னை வெயிலில் நாசில், அதாவது இங்க் வரும் நுண்துளை, காய்ந்துவிடும். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு இங்க் தொல்லைகளும் மே மாதத்தில், ஊருக்குப் போய்த் திரும்பியபோது வந்தவைதான். இப்போது ஊருக்குப் போவதென்றால் வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுத்து வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2024-ல் இணைய நிறுவனம் புது ரூட்டர் கொடுத்தது. வீட்டில் டிவி, போன்கள், லேப்டாப், பிரிண்டர் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டுமே என்று மலைத்தேன். மாடி வீட்டுத் தம்பி ஒரு வழி சொன்னான்: "அக்கா, புது ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைச்சிடுங்க." எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்தேன். எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டன, பிரிண்டரைத் தவிர. புது ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தது, பிரிண்டருக்கு அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். இரண்டும் கலந்த முறைக்கு மாற்றியதும் அதுவும் வந்துவிட்டது. 50 என்ற எண்ணை மட்டும் புதிதாக ஒதுக்கினேன்.

போனிலிருந்து பிரிண்ட் எடுப்பதில் குறையே இல்லை. ஐபோனில் 2010-லிருந்தே ஏர்பிரிண்ட் இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் இப்போது பிரிண்ட் வசதி உள்ளேயே வருகிறது, தனிச் செயலி தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். டியூஷன் பிள்ளைகளுக்கு கெஸ்ட் வைஃபை கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பவர்களுக்கு பிரிண்டர் தெரியாது, வீட்டுக் கருவிகளிடமிருந்து அவர்களைப் பிரித்து வைப்பதுதான் அதன் வேலையே. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், நான் எடுத்துக் கொடுக்கிறேன். ஸ்கேன் மட்டும் வைஃபையில் மெதுவாகத்தான் இருக்கிறது. இருபது விடைத்தாள் என்றால் நான் இன்றும் கேபிளைத்தான் செருகுகிறேன்.

பிரிண்டர் மூடியின் உள்பக்கம் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன். 2.4 வைஃபையின் பெயர், 192.168.1.50, 'ரூட்டர் விளக்கு பச்சையான பிறகு பிரிண்டரை அணைத்துப் போடவும்' என்று மூன்றே வரி. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். அன்று மாலை யூபிஎஸ் சார்ஜ் தீரும்வரை கரண்ட் இல்லையாம். டெஸ்டுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அத்தை போன் செய்து, "ஏம்மா, நீ எழுதி வச்ச மாதிரியே பச்சை விளக்கு வந்தப்புறம் போட்டேன், பன்னிரண்டு பேருக்கும் தாள் வந்துடுச்சு. பதின்மூணாவதா ஒண்ணு வருதே, அது யாருக்கு?" என்று கேட்டார். அது விடைக்குறிப்பு, உள்ளே எடுத்து வையுங்கள் என்றேன்.