வாஷிங் மெஷின் ஒழுகினால் இணையத்தில் முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள்

ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் இருக்கும் வீடுகளில், அதிலும் வயதான பெற்றோர் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில், தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு சின்னக் கிழிசல், அவ்வளவுதான். அதற்காக எங்கள் அம்மாவிடம் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, ரப்பரை மாற்றாமலேயே மாற்றிவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

எங்கள் வீடு மேடவாக்கத்தில். துணி துவைக்கும்போது கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் தேங்கியது. அம்மா கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர் சென்னை' என்று போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்த எண்ணில் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் போனையே எடுத்தார்கள். பக்கத்தில் லோகோ, நட்சத்திர மதிப்பீடு, முகவரி எல்லாம் இருந்தன. மாலையில் கம்பெனி பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு ஓர் இளைஞர் வந்தார். மெஷினைப் போட்டு ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"போர்டு போயிருச்சும்மா. பேரிங்கும் அவுட். எட்டாயிரத்து ஐநூறு ஆகும்."

"தண்ணி கதவுகிட்டதானே ஒழுகுது தம்பி? மெஷின் நல்லாத்தானே ஓடுது?"

அம்மா கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு பழுதானால் மெஷின் ஆன் ஆகாது, பாதியில் நிற்கும், எரர் காட்டும். எங்கள் மெஷினோ தொடங்கிய வாஷை ஒழுங்காக முடித்துக்கொண்டிருந்தது. பேரிங் போனால் ஸ்பின் ஆகும்போது வீடே அதிரும் அளவுக்குச் சத்தம் வரும். டிரம்மைக் கையால் தூக்கிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடும். எங்கள் மெஷினில் இரண்டுமே இல்லை. அம்மா பிடி கொடுக்காததால் ஆள் பேச்சை மாற்றினார். "சரிம்மா, டோர் ரப்பர் மட்டும் மாத்தித் தரேன். ஒரிஜினல் ஸ்பேர், ஒரு வருஷம் வாரண்டி."

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. "மீட்டர் போர்டுகிட்ட நில்லுங்கம்மா, நான் சொல்லும்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று அம்மாவை வாசலுக்கு அனுப்பிவிட்டார். கதவு ரப்பர் மாற்ற பிளக்கைப் பிடுங்கினால் போதும், மீட்டர் பக்கம் யாரும் நிற்க வேண்டியதே இல்லை. பழைய ரப்பரைக் கேட்டதற்கு "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்" என்றார். பணம் ஒரு தனிநபர் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்குப் போனது. லோகோவோடு ஒரு பில் வந்தது. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை.

அடுத்த வாஷிலேயே முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டியது. நான் டார்ச் அடித்து ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்த்தேன். மாதக்கணக்கில் படிந்த கரும்புள்ளிகள் அதே இடத்தில் அப்படியே இருந்தன. அப்போதுதான் மாற்றிய புது ரப்பரில் பூஞ்சை எப்படி வரும்? ஊக்கு குத்திக் கிழிந்ததுபோல், அடிப்பக்கத்தில் விரல் நக அளவுக்கு இருந்த கிழிசலின் மேல் சிலிக்கான் பேஸ்டை அப்பியிருந்தார். மெஷின் ஆடும்போது ரப்பரும் சேர்ந்து மடிந்து விரியும். ஈரத்தோடும் அழுக்கோடும் ஒட்டிய பேஸ்ட் அதில் எப்படி நிற்கும்? ஒரு ஓரம் அப்போதே உரிந்து தொங்கியது. அதைவிடக் கொடுமை, மடிப்பின் அடியில் தண்ணீர் திரும்ப மெஷினுக்குள் வடிவதற்காக இருக்கும் சின்ன ஓட்டைகளையும் பேஸ்ட் அடைத்துவிட்டது. அழுக்குத் தண்ணீர் அங்கேயே தேங்கி, கதவைத் திறந்தாலே நாற்றம்.

திரும்ப அந்த எண்ணுக்கே அம்மா போன் செய்தபோது, "தப்பு நடந்திருச்சு மேடம், ரீஃபண்ட் போட்டுடறோம்" என்றார்கள். நல்லபடியாகப் பேசுகிறார்களே என்று நினைக்கும்போதே, ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, போனில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டார்கள். உங்கள் போன் திரையை அவர்கள் அங்கிருந்து பார்ப்பதற்கான ஆப் அது. அம்மா உடனே துண்டித்துவிட்டார். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் எதுவும் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ஆப் இறக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

மெஷினோடு வந்த வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணில் கேட்டோம். அம்மாவின் மொபைல் எண்ணில் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, அப்படி யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வந்த ஆளுக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ரப்பரை நானும் தம்பியும் சேர்ந்தே மாற்றினோம். கதவைத் திறந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் படம் எடுத்துப்போய் உதிரிபாகக் கடையில் காட்டினால் சரியான ரப்பர் தருவார்கள். எங்களுக்கு 1,650 ரூபாய் ஆனது. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, ரப்பரின் வெளி விளிம்பைச் சுற்றி இருக்கும் ஸ்பிரிங் வைத்த கம்பி வளையத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுக்க வேண்டும். கதவு லாக்கின் ஸ்குரூக்களைக் கழற்றி, ஒயரை இழுக்காமல் லாக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். உள்வளையம், டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டியான டப்பின் வாயில் இறுக்கியிருக்கும். அதை எட்ட எங்கள் மாடலில் மேல்மூடியையும் முன்பலகையையும் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொண்டது பிறகு நன்றாக உதவியது. புது ரப்பரில் இருக்கும் அடையாளக் குறி டப்பின் உச்சியில் இருக்கும் குறியோடு பொருந்த வேண்டும், வடிகால் ஓட்டைகள் சரியாக அடியில் வர வேண்டும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் விளிம்பு வழுக்கி உட்காரும். கடைசியில் அந்த வெளி ஸ்பிரிங் வளையத்தை மாட்டுவதுதான் பெரும்பாடு. ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே ஸ்பிரிங்கை இழுத்து மாட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. ஒரு ரின்ஸ் ஓடவிட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். கதவின் அடியில் வழிந்தால் ரப்பரையும், கண்ணாடியில் ரப்பர் பதியும் இடத்தையும் பாருங்கள். பல நேரம் அங்கே சிக்கிய முடியையும் சோப்புப் படிவையும் துடைத்தாலே ஒழுகல் நின்றுவிடும். கீழ் மூலையில் வந்தால் பம்ப் ஃபில்டரின் மூடி சரியாகத் திருகாமல் இருக்கலாம். பின்னால் வந்தால் ஹோஸ். சோப்பு டப்பாவில் நுரை பொங்கினால் கையால் துவைக்கும் பவுடரைப் போட்டிருப்பீர்கள்.

வந்தவர் பழைய பாகத்தைத் தர மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் என்று நீட்டினால் அதில் எழுத்தும் எண்ணும் கலந்த 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நாங்கள் 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. பணம் போனது தெரிந்தவுடன் 1930-க்குச் சொல்லிவிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம். அந்தப் போலி எண் பற்றித் தேடுதளத்துக்கும் ரிப்போர்ட் செய்தோம். எடுத்தார்கள், ஆனால் அதே முகவரியில் வேறொரு எண்ணோடு மறுபடி வந்திருக்கிறது. அதையும் ரிப்போர்ட் செய்திருக்கிறோம்.