கரையும் தையலா, கிளிப்பா? கண்டித் தனியார் வைத்தியசாலை ஒன்றின் சிசேரியன் சேவை பற்றிய மதிப்பீடு

கண்டி நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் எனது இரண்டாவது பிரசவம் சிசேரியன் மூலம் நடந்தது. காயத்தின் மேல்தோலை எம்முறையில் மூடுவது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முந்திய கிளினிக்கிலேயே வைத்தியர் விளக்கி, என் விருப்பத்தையும் கேட்டார். அச்சேவையில் நான் முதன்மையாகப் பாராட்டுவது இதனையே.

அடிவயிற்றின் குறுக்கே இடப்படும் வெட்டை உலோகக் கிளிப்புகளாலும் மூடலாம். தோலுக்கடியில் ஓடும் கரையும் நூலாலும் தைக்கலாம். கிளிப் விரைவானது; தைப்பதற்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாகச் செல்லும். ஆயினும், அமெரிக்காவில் 746 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், கிளிப் இடப்பட்டோரில் 10.6 வீதத்தினருக்குக் காயச் சிக்கல் ஏற்பட, தையல் இடப்பட்டோரில் அது 4.9 வீதமாகவே இருந்தது. வடுவின் தோற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பதால், அழகைக் கருதி ஒன்றைத் தெரிவுசெய்வதில் பொருளில்லை.

என்னைத் தையலின் பக்கம் திருப்பியது பயணம்தான். கிளிப்பையும் கரையாத நைலோன் நூலையும் சில நாட்களில் அகற்ற வேண்டும். அதற்காகப் பொகவந்தலாவைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து, பச்சைக் குழந்தையுடன் வளைவுப் பாதையில் முச்சக்கர வண்டியில் குலுங்கி வருவது ஆறாத காயத்துக்கு நல்லதன்று. (கிளிப்பைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும், தோட்டத்து டிஸ்பென்சரியில் அது உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நன்று.)

எனக்கு இடப்பட்டது மொனோகிரில் என்னும் ஒற்றை இழை நூல். அது மூன்று, நான்கு மாதங்களில் தானாகக் கரைந்துவிடும். பின்னிய இழையாலான விக்ரில் என்னும் மற்றொரு கரையும் நூலை விட இதில் காயச் சிக்கல் குறைவு என்று 2017 இல் வெளியான ஓர் ஆய்வும் கூறுகிறது. தோலுக்கடியிலான கொழுப்புப் படை இரண்டு சென்றிமீற்றருக்கு மேற்பட்டால் அதனையும் தனியே தைப்பது வழக்கம்.

குறை ஒன்றுண்டு. வீடு செல்லும்போது தரப்பட்ட காயப் பராமரிப்புத் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமே இருந்தது. கட்டணம் வாங்கும் இடத்தில் மூன்று மொழிகளிலும் பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று. அதுவரை, தமிழ் மட்டும் வாசிக்கும் தாய்மார், சிவத்தல், சீழ், காய்ச்சல், காயம் விரிதல் ஆகியவற்றில் எது கண்டாலும் எந்தத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பது என்பதைத் தாதியிடம் கேட்டு, விடுதியை விட்டு வெளியேறுமுன் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.