‘கவுன்சில் லைசென்ஸ் உண்டு’ என்றால், எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள்

இங்கிலாந்தில் ஓய்வுக்காலத்துக்கென்று பார்க் ஹோம் (தளத்தில் இட வாடகை கட்டி நிறுத்தியிருக்கும் கேரவன் வகை வீடு) வாங்கும் எண்ணத்தில் இருக்கும் தமிழர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் என் மனைவியும் ஏமாந்த விவரம் இது. விற்றவர் எங்களிடம் சொன்னவற்றில் பெரும்பாலானவை நேரடிப் பொய்கள் அல்ல என்பதுதான் இன்றும் எங்களை உறுத்துகிறது.

லண்டனில் இருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு, எசெக்ஸ் கடலோரத்தில் ஒரு கேரவன் தளத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டை 84,000 பவுண்டுக்கு வாங்கினோம். தளம் ஆண்டின் 12 மாதமும் திறந்திருக்கும், கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தரும் லைசென்ஸ் உண்டு என்று விற்பனையாளர் சொன்னார், இரண்டுமே உண்மை. நிரந்தரமாக இங்கேயே குடியிருக்கலாமா என்று என் மனைவி வெளிப்படையாகவே கேட்டார். அதற்கு அவர் ‘ஆம்’ என்று சொல்லவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. “வருடத்தில் எந்த நாளும் நீங்கள் வரலாம், இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை” என்றுதான் சொன்னார். கையெழுத்திடும் நாளில் வேறொரு முகவரியின் கவுன்சில் டாக்ஸ் பில் வேண்டும் என்றார். ஃபிளாட்டை விற்றுவிட்டோமே என்றதற்கு, மகனுடைய பில் போதும், அடையாளச் சான்றுக்குத்தான் என்று சொல்லி, நாங்கள் மகன் வீட்டில் வசிப்பதாக அவன் எழுதிய இரண்டு வரிக் கடிதத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். எங்கள் முதன்மை வீடு வேறு இடத்தில் இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை நாங்களே எங்கள் கையால் கொடுத்தோம்.

குட்டு உடைந்தது ஒரு சிறிய கட்டண வரியால். முதல் ஆண்டு முடிவில் வந்த பில்லில் பிட்ச் கட்டணம் (வீடு நிற்கும் இடத்துக்கான வாடகை), தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றுக்குக் கீழே ‘கவுன்சில் உரிமக் கட்டணம், தங்கள் பங்கு: 180 பவுண்டு’ என்று இருந்தது. கணக்கு வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் ‘பங்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் மொத்தம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றியது. அலுவலகத்தில் பதில் கிடைக்காததால், இந்தத் தளத்திடம் ஆண்டுக்கு எவ்வளவு வசூலிக்கிறீர்கள் என்று கவுன்சிலின் உரிமப் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றும் வசூலிப்பதில்லை, அது விடுமுறைக்கு மட்டுமே உரிமம் பெற்ற தளம் என்று நான்கே வரிகளில் பதில் வந்தது. அந்த நான்கு வரிகளை நாங்கள் அன்றிரவு எத்தனை முறை படித்தோம் என்று தெரியாது.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மக்கள் தங்கும் கேரவன்களை ஒரு நிலத்தில் நிறுத்துவதற்குக் கவுன்சிலின் உரிமம் வேண்டும் என்பது, ஒருசில விலக்குகளைத் தவிர, 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. அந்த உரிமத்துக்குக் கட்டணம் வாங்கும் அதிகாரம் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு 2013ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் வழியாக 2014 ஏப்ரலில்தான் வந்தது. கட்டணம் வாங்குவதற்கு முன் அதற்கான கொள்கையைக் கவுன்சில் வெளியிட்டிருக்கவும் வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் குடியிருப்புத் தளங்களுக்கு மட்டுமே உரியது. விடுமுறைக்கு மட்டும் உரிமம் பெற்ற தளம் அதற்குள் வராது. ஆகவே எங்களிடம் கேட்கப்பட்டது, கவுன்சில் கேட்காத, கேட்கவும் முடியாத ஒரு கட்டணத்தின் ‘பங்கு’.

180 பவுண்டு போனால் போகட்டும். பெரிய இழப்பு வேறு. குடியிருப்புத் தளமாக இருந்திருந்தால் 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் பாதுகாப்பு எங்களுக்கு இருந்திருக்கும்: ஒப்பந்த விவரங்களை 28 நாள் முன்னதாகவே எழுத்தில் தந்திருக்க வேண்டும், நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற முடியாது, வீட்டை விற்றால் தள உரிமையாளரின் கமிஷன் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிட்ச் கட்டண உயர்வுக்கு 2023 ஜூலை முதல் நுகர்வோர் விலைக் குறியீடே அடிப்படை. எங்கள் ஒப்பந்தத்திலோ கமிஷன் 15 சதவீதம். கட்டண உயர்வு அவர்கள் வைத்ததுதான். வீட்டுக்கு 15 வயது ஆனதும் அதைத் தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கமிஷனையும் 15 ஆண்டு விதியையும் கையெழுத்திடும்போதே படித்தேன், எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பினேன். அந்தத் தவறு என்னுடையது.

உரிமத்தின் நகலைத் தளத்தில் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்துக்கு வெளியே இருந்த கண்ணாடிப் பலகையில் அது இருக்கத்தான் செய்தது. வெயிலில் வெளிறிய முதல் பக்கம் மட்டும் தெரிய, நிபந்தனைகள் உள்ள பக்கங்கள் அதன் பின்னால் ஸ்டேப்பிள் செய்யப்பட்டிருந்தன. பாதி இடத்தை வெள்ளிக்கிழமை பிங்கோ அறிவிப்பு மறைத்திருந்தது. ஆறு மாதம் அதன் அருகிலேயே நின்று குப்பை வண்டி வரும் நாள்களைப் படித்திருக்கிறேன். பலகையை விட நம்பத் தகுந்தது கவுன்சிலின் உரிமப் பதிவேடு. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மின்னஞ்சலில் கேட்டாலே எங்களுக்கு மூன்றாம் நாள் நகல் வந்தது. ‘ஒருவரது ஒரே வீடாகவோ முதன்மை வீடாகவோ பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை ஏழாவதாக இருந்தது. வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 12 மாத உரிமம் என்பதும் குடியிருப்பு உரிமம் என்பதும் ஒன்றல்ல.

முறையான குடியிருப்புத் தளத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கவுன்சிலின் ஆண்டுக் கட்டணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உரிமத்தை வேறு பெயருக்கு மாற்றவும் நிபந்தனைகளைத் திருத்தவும் உரிமையாளர் கட்டும் கட்டணங்களைப் பிட்ச் கட்டணத்தில் ஏற்ற முடியாது. உயர்வு அறிவிப்பு அரசு வகுத்த படிவத்துடன் வர வேண்டும். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாம், தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியவர் அவர்.

எங்கள் புகாரைக் கேட்ட கவுன்சில் அதிகாரி மரியாதையாகவே பேசினார். விற்பனை ஒப்பந்தம் தங்கள் எல்லைக்குள் வராது என்றும், உரிம நிபந்தனை மீறப்பட்டால் மட்டுமே நடவடிக்கை எடுக்க முடியும் என்றும் சொன்னார். மீறல் என்பது நாங்கள் அங்கே குடியிருப்பதுதான் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் மூலம், வணிக முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் போயிருக்கிறது. வழக்கறிஞர் முதலில் கேட்டது, குடியிருக்கலாம் என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். ‘உங்கள் புதிய வாழ்க்கை இங்கே தொடங்குகிறது’ என்று அச்சிட்ட ஒரு விளம்பரத் தாள் மட்டுமே எங்களிடம் இருக்கிறது.

கவுன்சிலின் பதிலை இணைத்துத் தள அலுவலகத்துக்கும் எழுதினேன். இந்த ஆண்டு வந்த பில்லில் கவுன்சில் உரிமக் கட்டணம் என்ற வரி இல்லை. அதே இடத்தில் ‘நிர்வாகச் செலவு: 180 பவுண்டு’ என்று இருக்கிறது.