கீமோ நடக்கும்போது வைட்டமின்: மாத்திரையா, டிரிப்ஸா, ‘பி17’ கொட்டையா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பயாப்சி ரிசல்ட் வந்த வாரமே சமையலறை அலமாரியில் ஒரு குட்டி மெடிக்கல் முளைத்துவிடும். மச்சான் பெங்களூரிலிருந்து அனுப்பிய மல்ட்டி வைட்டமின் டப்பா, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த முடி கொட்டாமலிருக்கும் மாத்திரை, வாட்ஸ்அப்பில் பார்த்து ஆர்டர் போட்ட ‘பி17’ கொட்டை. போதாக்குறைக்கு, சேலத்திலேயே ஒரு கிளினிக்கில் வைட்டமின் சி டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள் என்ற தகவல். எல்லாம் அன்பில் வந்தவை. அதனாலேயே இவற்றைப் பற்றி டாக்டரிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

‘வைட்டமின் எடுக்கலாமா?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த கீமோ மருந்து, எந்த வைட்டமின், எத்தனை மில்லிகிராம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் ஒன்றை எடுத்துக்கொண்டாலே காரணம் விளங்கும்.

ஒரே மாத்திரை, மூன்று பதில்

நுரையீரல் புற்றுநோயில் சில வகைகளுக்கு பெமெட்ரெக்செட் என்ற கீமோ உண்டு. இதற்கு வைட்டமின் கட்டாயம். முதல் கீமோவுக்கு முந்தைய ஏழு நாட்களில் குறைந்தது ஐந்து நாளாவது ஃபோலிக் ஆசிட் போட்டிருக்க வேண்டும்; அளவு தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், ஒரு வாரம் முன்னதாக ஒன்று, பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒன்று. கடைசி கீமோ முடிந்து 21 நாள் வரை ஃபோலிக் ஆசிட் தொடரும். ‘சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிட்டால் வெள்ளணு சரியும், வாயெல்லாம் புண்ணாகும். பிசகு நேரக்கூடிய இன்னோர் இடம் அளவு. மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். சீட்டில் எழுதியிருப்பதும் அட்டையில் அச்சாகியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபின், 5-எஃப்யூ மருந்துகளில் கதை தலைகீழ். ஃபோலேட் இந்த மருந்துகளின் வீரியத்தைக் கூட்டும். அதனால்தான் 5-எஃப்யூவோடு லூக்கோவோரின் என்ற ஃபோலேட் மருந்தைக் கணக்குப் போட்டு மருத்துவமனையிலேயே ஏற்றுகிறார்கள். அந்தக் கணக்குக்கு வெளியே வீட்டு மல்ட்டி வைட்டமினிலிருந்தும் ஃபோலிக் ஆசிட் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிவது எல்லாம் கடுமையாகலாம். டாக்டர் ‘டோஸ் தாங்கவில்லை’ என்று நினைத்து கீமோவின் அளவைக் குறைப்பார். டப்பா அலமாரியில் இருப்பது அவருக்குத் தெரியாது. உடம்புக்குப் போக வேண்டிய மருந்து குறைந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது மீத்தோட்ரெக்சேட். இந்த மருந்து வேலை செய்வதே ஃபோலேட்டைத் தடுத்துத்தான். ரத்தப் புற்றுநோய்க்குப் பெரிய டோஸில் கொடுத்தபின், மணி பார்த்து அதன் வேகத்தை முறிக்கும் மருந்து கொடுத்து மீட்பார்கள். இடையில் வீட்டு மாத்திரை நுழையக் கூடாது. மூட்டுவாதத்துக்குச் சின்ன டோஸில் இதே மீத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்துப் பழகிய கடைக்காரர் நல்லெண்ணத்தில் ‘இதையும் சேர்த்துப் போடுங்க’ என்று சொல்ல வாய்ப்புண்டு. அவர் மேல் தப்பில்லை, நோய் வேறு.

மாத்திரை டப்பாக்கள்

வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்களை வைத்து விற்பனை நன்றாக நடக்கிறது. ‘கரண்ட்’ வைப்பது என்று நாம் சொல்லும் கதிரியக்க சிகிச்சை, செல்லுக்குள் ஃப்ரீ ரேடிக்கல் என்ற, செல்லைச் சிதைக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கித்தான் கட்டியைக் கொல்கிறது. அதே ஃப்ரீ ரேடிக்கல்களை அணைக்கும் மாத்திரையைச் சிகிச்சை நடக்கும் அதே வாரங்களில் விழுங்குவது, ஒரு கையால் அடுப்பை ஊதி மறு கையால் தண்ணீர் தெளிப்பது போலத்தான். கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கம் பெற்ற 540 பேரிடம் சோதித்தார்கள். வைட்டமின் இ 400 யூனிட் எடுத்த குழுவில் இறப்பு கூடியது. புகையிலையும் வெற்றிலையும் புழங்கும் நம் ஊரில் வாய்ப் புற்றுநோய்க்கு கரண்ட் வைத்துக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் இது நேரடியாகவே நம்மைத் தொடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் பொரியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேச்சு மாத்திரை அளவைப் பற்றியது.

வைட்டமின் டி-யை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். ரத்தத்தில் பார்த்து, குறைவு என்றால் சரிசெய்ய வேண்டியதுதான். மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு எலும்பு தேயும் என்பதால் டாக்டரே டி-யும் கால்சியமும் எழுதுவார். புற்றுநோயையே தடுக்கும் என்று எதிர்பார்த்து எடுப்பதில் பலனில்லை. ஜப்பானில் செரிமானப் பாதைப் புற்றுநோய் அறுவை முடிந்த 417 பேரிடம் தினம் 2000 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் நோய் திரும்புவது தெளிவாகக் குறையவில்லை. ஒரு எச்சரிக்கை: 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று என்று புரிந்துகொண்டால் கால்சியம் எகிறும். வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் வரும். வீட்டில் எல்லோரும் அதை கீமோவின் பக்கவிளைவு என்றே நினைப்பார்கள்.

முடிக்கான பயோட்டின் மாத்திரையில் 10 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம்தான். இது தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோப்போனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளில் தவறான அளவைக் காட்டிவிடும். கீமோவில் கொட்டிய முடி மருந்து நின்றபின் தானாக முளைக்கும், பயோட்டினுக்காகக் காத்திருப்பதில்லை.

வைட்டமினால் குணமான புற்றுநோய் உண்டா என்றால், உண்டு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான அட்ரா மாத்திரை முதல் வரிசை மருந்து. மூச்சுத்திணறல் வரலாம் என்பதால் படுக்கையில் வைத்துக் கண்காணித்துக் கொடுக்கிறார்கள். டப்பா விற்பவர்கள் ஏனோ இதைச் சொல்வதே இல்லை.

வைட்டமின் சி டிரிப்ஸ்

எதிரும் புதிருமாக அதிகம் வாதாடப்படுவது இதுதான், வாதாட விஷயமும் இருக்கிறது. 1970களில் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஈவன் கேமரூனும் பெரிய அளவு வைட்டமின் சி புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கூட்டுகிறது என்றார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் தினம் 10 கிராமை வாய்வழியாகக் கொடுத்து இரண்டு முறை சோதித்து, 1979-லும் 1985-லும் பலனில்லை என்றது. வாய்வழியாகப் போகும் சி-யைக் குடல் ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது. நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும். அதனால் கேள்வி மறுபடி திறந்தது.

2022-ல் சீனாவில் முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகள் 442 பேரிடம் கீமோவோடு டிரிப்ஸ் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8.6 மாதம், சேர்க்காதவர்களுக்கு 8.3. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2024-ல் அமெரிக்காவின் அயோவாவில் பரவிவிட்ட கணையப் புற்றுநோயாளிகள் 34 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீமோ மட்டும், மற்றதுக்குக் கீமோவோடு வாரம் மூன்று முறை 75 கிராம் வீதம் ஏற்றினார்கள். சராசரி ஆயுள் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 8.3 மாதம், டிரிப்ஸும் சேர்த்தவர்களுக்கு 16 மாதம். கவனிக்க வேண்டிய முடிவு, ஆனால் 34 பேர்தான். பெரிய சோதனையில் இது நிற்கிறதா என்று பார்த்தபிறகே நம்பலாம்.

75 கிராம் என்றால் என்ன? 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி. அந்த ஒரு டிரிப்ஸுக்கு ஈடாக 37 கிலோ கொய்யா வேண்டும். அழகுக்கும் அசதிக்கும் ஏற்றுகிற ஒன்றிரண்டு கிராம் டிரிப்ஸுக்கும் அந்தச் சோதனைக்கும் பெயர் மட்டுமே பொது. அயோவா முடிவைக் காட்டி இதை விற்றால் எத்தனை கிராம் என்று கேளுங்கள்.

உண்மையிலேயே பெரிய டோஸ் என்றால் முன்னதாக ஜி6பிடி பரிசோதனை கட்டாயம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் பார்க்க வேண்டும். வைட்டமின் சி உடைந்து ஆக்சலேட் ஆகிச் சிறுநீரகத்தை அடைக்கும், கல் வந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். சர்க்கரை நோயாளி என்றால் வீட்டு குளுக்கோமீட்டர் பொய் சொல்லும். ரத்தத்தில் உள்ள வைட்டமின் சி-யை அது சர்க்கரை என்று எண்ணி 300, 400 காட்டலாம். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை தரைமட்டமாகி மயங்கிவிடுவார்கள். அன்று லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்புங்கள். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் ஊசி போடுபவர்கள் வைட்டமின் சி மாத்திரையையும் க்ரீன் டீயையும் கேட்காமல் தொடக்கூடாது. இரண்டும் அந்த மருந்தின் வேலையைக் கெடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. கீமோ ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட்டை வெளி கிளினிக்கில் குத்த விடாதீர்கள். அதில் கிருமி புகுந்தால் போர்ட்டையே எடுக்க வேண்டிவரும்.

அலைச்சலையும் கணக்கில் வையுங்கள். ஏற்காட்டிலிருந்து வருபவர் கீமோவுக்கு இறங்குவதோடு, டிரிப்ஸுக்கும் வாரம் மூன்று நாள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும், அதுவும் குமட்டலோடு. கீமோ, கதிரியக்கச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கும். டிரிப்ஸ் கைக்காசு.

‘பி17’ கொட்டை

இது வைட்டமினே இல்லை. பாதாம் வகைக் கசப்புக் கொட்டை, ஆப்ரிகாட் கொட்டைகளில் உள்ள அமிக்டலின். விற்பதற்காக வைத்த பெயர் பி17. வயிற்றுக்குள் போனால் சயனைடு வெளியாகும். இதை சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கசப்பு குச்சிக்கிழங்கின் (மரவள்ளி) தழையையோ தோலையோ ஆடு மாடு தின்றால் என்ன ஆகும் என்று கிழங்கு போடுகிற ஊர்களில் தெரியும். கிழங்கின் நஞ்சும் அதே இனம், சயனைடு கொடுக்கும் சர்க்கரைக் கூட்டு.

1982-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 178 பேருக்கு அமிக்டலின், உணவுமுறை, வைட்டமின் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழு மாதத்துக்குள் எல்லோருக்குமே கட்டி வளர்ந்திருந்தது. சிலர் ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. ஒரு வேளைக்குச் சிறிய கொட்டை மூன்றைத் தாண்டினாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. வைட்டமின் சி-யைப் பெரிய அளவில் சேர்த்தால் நஞ்சு இன்னும் கூடும். மற்ற எல்லாவற்றுக்கும் ‘டாக்டரிடம் கேளுங்கள்’ என்போம். இதைக் கேட்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

‘கூடவே’ எப்போது ‘பதிலாக’ ஆகிறது

2018-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வழக்கமான சிகிச்சையோடு மாற்று முறையையும் சேர்த்த 258 பேரை, சேர்க்காத 1032 பேரோடு ஒப்பிட்டது. சேர்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டு மடங்கு. முக்கியக் காரணம், அவர்கள் சிகிச்சையின் ஒரு பகுதியை வேண்டாம் என்று விட்டது. கதிரியக்கத்தை மறுத்தவர்கள் மாற்று முறை சேர்த்தவர்களில் 53 சதவீதம், சேர்க்காதவர்களில் 2.3. ‘இந்த மாசம் டிரிப்ஸ் நல்லா இருக்கு, கீமோவைத் தள்ளிப் போடலாம்’ என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், வைட்டமின் எது என்பதைவிட அந்தத் தேதிதான் பெரிய விஷயம்.

பெரும்பாலோருக்கு உண்மையில் குறைவது புரதமும் கலோரியும். 50 கிலோ எடைக்கு தினம் 60 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 250 மில்லி பாலில் 8. வேகவைத்தது, காய்ச்சியது மட்டும். வெள்ளணு கவுன்ட் இறங்கியிருக்கும் நாட்களில் தெருவோர அருகம்புல் ஜூஸ் வேண்டாம்.

அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது அலமாரியில் உள்ள டப்பா, அட்டை, பொடி எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் அளவு விட்டுப்போகும், அளவு டப்பாவின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், கடைசியாக எப்போது, எத்தனை என்று சொல்லுங்கள். அன்றைய கீமோவை ஏற்றலாமா என்று முடிவெடுக்க அவருக்குத் தேவை அவ்வளவுதான்.