கண்டியில் நடைபெறும் கலப்புக் கருவிச் சுழியோடல் வகுப்பு: ஒரு மதிப்பீடு

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பகுதிகளிலிருந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் சுழியோடச் செல்லும் குழுக்களில் இப்போதெல்லாம் எல்லோரும் ஒரே வகைக் கருவியை அணிவதில்லை. ஒருவர் முதுகில் ஒற்றைச் சிலிண்டரைச் சுமப்பார். இன்னொருவர் இரு விலாப்புறங்களிலும் சிலிண்டர் கட்டியிருப்பார். வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டைச் சோடாச் சுண்ணாம்பால் நீக்கி, செலவான ஒட்சிசனை மட்டும் சேர்த்து மீண்டும் சுவாசிக்கத் தரும் ரீபிரீதருடன் மற்றொருவர் வந்து நிற்பார். இப்படிப்பட்டவர்கள் சோடி சேர்ந்து இறங்குவது எவ்வாறு என்று கற்பிக்கும் வார இறுதி வகுப்பொன்று கண்டியில் நடக்கிறது. அதில் கலந்துகொண்ட பின்பு எழுதும் மதிப்பீடு இது. வகுப்பு மிகவும் தரமானது, எனினும் மலைநாட்டவருக்கு இன்றியமையாத ஒரு பாடம் அதில் விடுபட்டிருக்கிறது.

காலை வகுப்பில் பயிற்றுநர் முதலில் பேசியது குமிழிகளைப் பற்றி. சாதாரணச் சிலிண்டர்காரர் தம் துணைவரைப் பெரும்பாலும் குமிழிச் சத்தத்தைக் கொண்டே அறிந்துகொள்கிறார். ரீபிரீதர் அணிந்தவரோ சத்தமின்றி நீந்துவதால், அவர் பின்தங்கினாலும் மயங்கினாலும் காதுக்கு எதுவும் எட்டாது. சிலிண்டர்காரரிடம் குமிழிகள் நின்றால் ஆபத்து. ரீபிரீதர்காரரிடம் காரணமின்றிக் குமிழிகள் தோன்றினால் அதுவும் விசாரிக்க வேண்டிய விடயம். எனவே துணைவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முகமூடிக்கு அருகிலுள்ள எச்சரிக்கை விளக்கின் நிறத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஒட்சிசன் குறைவதை மனித உடல் முன்கூட்டி உணர்த்துவதில்லை. நினைவு தப்பிய பிறகு ரீபிரீதர்காரருக்குத் துணைவரை விட்டால் வேறு கதியில்லை.

நீச்சல் தடாகப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரீபிரீதரின் வாய்ப்பகுதியில் ஒரு சிறு லீவர் உண்டு. அதை மூடாமல் வாயிலிருந்து எடுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து சோடாச் சுண்ணாம்பில் கலக்கும். வாயையும் தொண்டையையும் பொசுக்கக்கூடிய அந்தக் காரக் கரைசல் சுவாசிப்பவரை நோக்கி வரும். சிலிண்டர் மட்டுமே பழகியவர்கள் மேற்பரப்புக்கு வந்ததும் துணைவரின் வாயிலிருந்து கருவியைப் பிடுங்கவே விரைவார்கள். ஆகவே பயிற்றுநர் எங்கள் ஒவ்வொருவரையும் கண்களை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த லீவரைத் தேடி மூடச் செய்தார். தடித்த கையுறையுடன் அது எவ்வளவு வழுக்குகிறது என்பதைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். மயங்கிய துணைவரை மேலே கொண்டுவரும்போது அவருடைய வாய்ப்பகுதியைக் கையால் அழுத்திப் பிடித்திருப்பதையும் எல்லோருக்கும் சரியாக வரும்வரை பழக்கினார்.

வகுப்பின் சிறந்த பகுதி கரும்பலகையில் போட்ட ஒரு கணக்கு. ரீபிரீதர்காரர் தம் அவசரத் தேவைக்காக 3 லீற்றர் சிலிண்டரை 200 பார் (வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 1 பார்) அமுக்கத்தில் நிரப்பி வைத்திருக்கிறார். அதில் சுமார் 600 லீற்றர் காற்று உண்டு. 30 மீற்றர் ஆழத்தில் சிலிண்டர்காரருக்குக் காற்றுத் தீர்ந்து, இவர் அதைக் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 40 லீற்றர் சுவாசிப்பவர், 4 மடங்கு அமுக்கமுள்ள அந்த ஆழத்தில் 160 லீற்றர் செலவிடுவார். நிதானிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற மூன்று நிமிடத்துக்கு மேல். ஏற ஏற அமுக்கமும் செலவும் குறைந்தாலும் மொத்தம் 490 லீற்றர் அளவில் போய்விடும். மேற்பரப்புக்கு வருமுன் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் 3 நிமிடம் தரிக்க இன்னும் 180 லீற்றர் வேண்டும், கையிலிருப்பதோ 110. போதாக்குறைக்கு, கொடுத்தவரின் கருவி அந்நேரம் பழுதானால் அவருக்கென்று எதுவும் மிஞ்சியிராது. அவசரச் சிலிண்டரின் அளவை இருவரையும் கணக்கில் எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்பது அந்தக் கரும்பலகையைப் பார்த்த எவருக்கும் விளங்கியிருக்கும்.

நீருக்கடியில் தங்கும் நேரம் பற்றிய பகுதியும் தெளிவாக இருந்தது. ஒட்சிசன் பகுதியமுக்கத்தை, அதாவது மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கை, 1.3 பாரில் நிலைநிறுத்தும் ரீபிரீதரில், 18 மீற்றரில் சுவாசிக்கும் வாயுவில் ஏறத்தாழ 46 சதவீதம் ஒட்சிசன் இருக்கும். சாதாரணக் காற்றில் 21 மட்டுமே. உடலில் கரையும் நைதரசனே தங்கும் நேரத்தை மட்டுப்படுத்துகிறது. அது அதிகம் ஏறுபவர் காற்றுக்காரர் என்பதால், சோடியின் நேர எல்லையை அவர் கையில் அணியும் சுழியோடல் கணினிதான் தீர்மானிக்க வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். அச்சிட்டுத் தந்த சரிபார்ப்புப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. வாய்மொழியாகத் தமிழிலும் சிங்களத்திலும் நன்றாக விளக்கியவர்கள் இதையும் செய்திருக்கலாம். இது சிறு குறை. பெரிய குறை, வீடு திரும்பும் பாதையைப் பற்றி எதுவும் சொல்லாதது. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள பயிற்றுநருக்கு இது உறுத்தாமல் போயிருக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். அமுக்கம் குறையும்போது, உடலில் எஞ்சியிருக்கும் நைதரசன் குமிழிகளாகி ஆபத்தை விளைவிக்கலாம். சுழியோடிய பின் விமானப் பயணத்துக்காகப் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டல், ஒரேயொரு முறை இறங்கியவருக்குக் குறைந்தது 12 மணித்தியாலமும், பல முறை அல்லது பல நாட்கள் இறங்கியவருக்கு 18 மணித்தியாலமும் இடைவெளி கேட்கிறது. அது கருதும் உயரம் 610 மீற்றரிலிருந்து தொடங்குவதால் பதுளையும் ஹட்டனும் நுவரெலியாவும் அதற்குள் அடங்கும். காலையில் இறங்கிவிட்டு மாலையில் வேனில் மலையேறுவது நம்மவரிடையே சாதாரணம் என்பதால் இந்த மௌனம் எனக்குக் கவலை தருகிறது.

ரீபிரீதர் வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. நுவரெலியாவில் வீட்டிலேயே தூய ஒட்சிசனைச் செலுத்தி, ஒட்சிசனை அளக்கும் உணர்கருவிகளை அளவுத்திருத்தம் செய்யும்போது, அங்குள்ள குறைந்த அமுக்கம் கருவிக்குத் தெரிவிக்கப்படாவிட்டால், கடலில் 1.3 என்று காட்டும்போது உண்மையில் சுமார் 1.04 தான் இருக்கும். அதை நம்பி நேரத்தைக் கணக்கிடுபவர் தாம் அறியாமலே கூடுதல் நைதரசனை ஏற்றிக்கொள்வார். அளவுத்திருத்தத்தைக் கடற்கரையில் மீண்டும் செய்ய வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருந்தாலே போதும்.

கருவி வேறுபட்ட துணைவருடன் இறங்கும் எவரும் இந்த வகுப்புக்குத் தயங்காமல் செல்லலாம். முடிந்தால் அந்தத் துணைவரையும் அழைத்துச் சென்று, லீவர் பயிற்சியை அவருடைய சொந்தக் கருவியிலேயே செய்து பாருங்கள். மேல்மலைப் பகுதியிலிருந்து செல்பவர்கள் திருகோணமலையில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கும் செலவையும் பயணக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.