கிட்டாரை மாட்டி வைக்கலாமா, பூட்டி வைக்கலாமா? பல வருடப் பயன்பாட்டில் கண்டது

நல்ல கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் வருகிற கேள்வி இது. சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும், நினைத்த நேரத்தில் எடுத்து வாசிக்கலாம். கேஸுக்குள் வைத்தால் பத்திரம், ஆனால் எடுப்பதற்கே சோம்பல் வரும். வருடக்கணக்கில் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக மாட்டலாம். ஆனால் ஹேங்கர் வாங்குவதற்கு முன் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். நான் பார்த்த வரையில் கீழே விழுந்து உடைந்த கிட்டார்களை விட, இருந்த இடத்திலேயே காய்ந்து வெடித்தவையும் ஈரத்தில் உப்பியவையும்தான் அதிகம்.

என் அறையில் இருப்பது ஐந்து கிட்டார்கள். முழுக்க ஸாலிட் மரத்தில் (ஒட்டாத ஒரே மரப்பலகையில்) செய்த ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் ஒன்று, ஒட்டுப்பலகையில் செய்த அக்கூஸ்டிக் ஒன்று, நைலான் கம்பி கிளாசிக்கல் ஒன்று, எலெக்ட்ரிக் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைப்பதில்லை. எலெக்ட்ரிக் இரண்டும் ஒட்டுப்பலகை அக்கூஸ்டிக்கும் வருடம் முழுக்கச் சுவரில் இருக்கின்றன. ஸாலிட் மரக் கிட்டாரும் கிளாசிக்கலும் அறையின் ஈரப்பதம் சரியாக இருக்கும் மாதங்களில் வெளியே இருக்கும், மற்ற மாதங்களில் கேஸுக்குள் போய்விடும்.

முதலில் ஹேங்கர். நீண்ட நாளாக நான் பயன்படுத்துவது ஹெர்குலஸ் நிறுவனத்தின் தானாக மூடிக்கொள்ளும் வகை. கழுத்தை வைத்ததும் கிட்டாரின் எடையில் ஹேங்கரின் கவை, அதாவது கழுத்தைத் தாங்கும் இரட்டைக் கை, சற்றுக் கீழே இறங்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் தடுப்புகள் வந்து முன்பக்கத்தை அடைத்துவிடும். தூக்கினால் திறந்துகொள்ளும். யாராவது தோளால் இடித்தாலும் கிட்டார் முன்பக்கம் வழுக்கி வராது. இத்தனை வருடத்தில் அந்த இயக்கம் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. சாதாரண இரட்டைக் கை ஹேங்கர்களும் வைத்திருக்கிறேன், அவையும் மோசமில்லை. ஆனால் கம்பியை முறுக்கும் ஆறு பிரடைகளும் ஒரே பக்கம் இருக்கும் ஹெட்ஸ்டாக் (கழுத்தின் நுனியில் உள்ள தலைப்பகுதி) என்றால் கை அசையாத ஹேங்கரில் கிட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும், எடை முழுக்க ஒரு ஓரத்தில் விழும். கவை சுழன்று கொடுக்கும் ஹேங்கராகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

ஹேங்கரை விட முக்கியம் அதைப் பிடித்திருக்கும் சுவர். அக்கூஸ்டிக் கிட்டார் சுமார் 2 கிலோ, கனமான எலெக்ட்ரிக் 4 முதல் 4.5 கிலோ வரை இருக்கும். இந்த எடை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கிட்டார் சுவரோடு ஒட்டித் தொங்குவதில்லை, சில அங்குலம் முன்னால் தள்ளி நிற்கிறது. அதனால் மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, எடுக்கும்போதும் மாட்டும்போதும் நம் கையும் இழுக்கும். ஹேங்கரோடு வரும் ஸ்க்ரூ பல நேரம் குட்டையாக இருக்கும். பூச்சு தடிமனான செங்கல் சுவரில் அதைப் போட்டால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் உறை) முழுக்கச் சிமென்ட் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், செங்கலைத் தொடவே தொடாது. ட்ரில் செய்யும்போது தூள் சாம்பல் நிறத்திலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறிய பிறகும் பிளக்கின் நீளத்துக்கு உள்ளே போக வேண்டும். இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள சாந்தில் துளை விழுந்தால் இடத்தை மாற்றிவிடுவது நல்லது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஜிப்சம் பலகைச் சுவரானால் பின்னால் ஓடும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில்தான் ஸ்க்ரூ ஏற வேண்டும். பலகையை மட்டும் நம்பி நான் எந்தக் கிட்டாரையும் தொங்கவிட மாட்டேன்.

எந்தச் சுவர் என்பதும் கேள்விதான். வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரை விட்டுவிட்டு, இரண்டு அறைக்கு நடுவில் உள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சுவரின் வெப்பமும் ஈரமும் கிட்டாரின் முதுகில் நேராகப் படும். ஏசியின் காற்று நேரே வீசும் இடம் வேண்டாம். ஜன்னல் வெயில் வேண்டவே வேண்டாம். கிட்டாரின் மேல்பலகையாக வரும் ஸ்புரூஸ் மரம் வெளிச்சத்தில் மெல்லப் பழுத்து நிறம் மாறும், அது அழகுதான். ஆனால் நேரடி வெயில் சாயத்தை வெளுக்க வைப்பதோடு ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கும், அதுதான் ஆபத்து.

இனி காற்றுக்கு வருகிறேன். இதில்தான் என் நேரமும் பணமும் அதிகம் போனது, அதற்கான பலனும் கிடைத்தது.

மரம் வெட்டப்பட்டு எத்தனை வருடமானாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். அப்படி வாங்கும்போதும் விடும்போதும் ரேகையின் (மர நார் ஓடும் கோட்டின்) நீளவாக்கில் அது அதிகம் மாறாது, குறுக்குவாட்டில்தான் விரியும், சுருங்கும். அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை வெறும் 3 மில்லிமீட்டர் அளவு தடிமன்தான். அதற்கு அடியில் குறுக்கே பட்டைகள் ஒட்டியிருக்கின்றன. பலகை சுருங்கப் பார்க்கும், பட்டைகள் விடாது. இழுபறி எல்லை மீறினால் ரேகை வழியே வெடிப்பு விழும். மார்ட்டின், டெய்லர் போன்ற தயாரிப்பாளர்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது இந்த அளவுக்கு அசைவதில்லை. எலெக்ட்ரிக்கின் கனமான உடலுக்கும் பெரிய கவலை இல்லை, அதன் கழுத்து மட்டும் பருவத்துக்குப் பருவம் லேசாக வளையும்.

கிட்டார் காய்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எடுக்கும்போதெல்லாம் பிரெட்போர்டின் (கழுத்தில் விரல் அழுத்தும் பலகையின்) ஓரத்தில் கட்டை விரலை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டுவேன். காய்ந்திருந்தால் மரம் உள்வாங்கி, அதில் குறுக்கே பதித்த பிரெட் கம்பிகளின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தோலைக் கீறும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு) பின்னால் குறுக்கே வைத்துப் பார்ப்பேன். நல்ல நிலையில் உள்ள மேல்பலகை மிக லேசாக மேடாக இருக்கும், ஸ்கேல் நடுவில் தொட்டு இரண்டு பக்கமும் ஆடும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது, உடனே ஈரம் கொடுக்க வேண்டும். ஈரம் கூடிப்போனால் எல்லாம் தலைகீழாக நடக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும், கம்பி உயரம் ஏறும், விரல் வலிக்கும், சத்தம் மந்தமாகிவிடும்.

ஹைக்ரோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சரிபார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, சேறு போல இருக்க வேண்டும். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பைக்குள் 75 சதவீதம் இருக்கும், இது உப்பின் குணம். மீட்டர் 70 காட்டினால் அதன் கணக்கில் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த மலிவான மீட்டர்களில் ஒன்றும் ஒன்றும் ஒத்துப்போனதே இல்லை, இந்தச் சோதனைக்குப் பிறகுதான் எது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்தது.

இன்னொன்று. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தே ஆடும். 30 டிகிரியில் 50 சதவீதமாக இருக்கும் காற்றை ஈரத்தை எடுக்காமல் 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். பகலில் மீட்டரைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட்டு இரவில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விடுவது இதனால்தான் சரிவராது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைத்துக் காட்டும் மீட்டர் வாங்குங்கள்.

ஈரம் அதிகமான மாதங்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் ஓடுகிறது. அறைக் கதவை மூடி வைத்தால்தான் அதற்கு அர்த்தம் இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது, சத்தம்தான் குறை. மைக் வைத்துப் பதிவு செய்யும்போது அணைத்தே ஆக வேண்டும். வறண்ட மாதங்களுக்கு காற்றுக்கு ஈரம் கொடுக்கும் ஹ்யூமிடிஃபையர், முதலில் மீயொலி வகை வைத்திருந்தேன். உப்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீர் ஊற்றினால் அது வெள்ளைப் பொடியைக் காற்றில் கலந்து விடுகிறது, அந்தப் பொடி கிட்டார்கள் மேல் படிகிறது. இப்போது இருப்பது திரி வழியே தண்ணீரை ஆவியாக்கும் வகை. மெதுவாக வேலை செய்கிறது, ஆனால் பொடி இல்லை.

கேஸுக்குள் வைப்பவற்றுக்கு போவேடா நிறுவனத்தின் 49 சதவீத ஈரப்பதப் பைகள். இரண்டு பக்கமும் வேலை செய்யும் இவற்றை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காய்ந்தால் ஈரம் விடும், ஈரம் கூடினால் உறிஞ்சும். தொட்டுப் பார்த்து உள்ளே கட்டியாகிவிட்டிருந்தால் மாற்ற வேண்டும். செலவு தொடர்ந்து ஆகும், அதுதான் குறை. திறந்த சுவரில் தொங்கும் கிட்டாருக்குள் இதைப் போடுவது வீண், அறை முழுவதையும் அந்தச் சின்னப் பையால் சமாளிக்க முடியாது. சிலிக்கா ஜெல்லைப் பலர் போடுகிறார்கள். அது உறிஞ்ச மட்டுமே செய்யும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. ஸாலிட் மரக் கிட்டாரோடு அதை நான் வைப்பதில்லை.

பூச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என் எலெக்ட்ரிக் ஒன்றில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு. ரப்பரிலும் மலிவான ஃபோமிலும் வினைலிலும் இருக்கும் மென்மையாக்கிகள் இந்த லாக்கருக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். தொட்ட இடத்தில் பூச்சு ஒட்டும், கறை படியும், பிறகு போகவே போகாது. நண்பர் ஒருவர் ஐந்து கிட்டார் நிற்கும் ராக் ஒன்றை வாங்கினார். அதன் கறுப்பு ஃபோம் அவருடைய பழைய கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் இரண்டு பட்டைகளை நிரந்தரமாக விட்டுவிட்டது. பாலியூரிதேன், பாலியெஸ்டர் பூச்சுகளுக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. எது என்று தெரியாவிட்டால் கவைக்கு மேல் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். நான் எல்லா ஹேங்கரிலும் அதைத்தான் செய்திருக்கிறேன். துணியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

தரையில் நிற்கும் ஸ்டாண்டு, வாசிப்புக்கு நடுவே பத்து நிமிடம் வைக்க மட்டும். ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்த கிட்டார்களுக்கு இது இன்னும் பொருந்தும். கிப்சன் பாணிக் கழுத்துகளில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும், வளைவு தொடங்கும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே அறுபட்டுப் போகும், போதாததற்கு ட்ரஸ் ராடு (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) நட்டுக்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். முதுகுப் பக்கமாக ஒருமுறை சாய்ந்தால் போதும், அங்கேதான் உடையும். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் ஸ்டாண்டை மறந்துவிடுங்கள்.

சுவரில் தொங்குவதன் சின்னச் சின்ன தொல்லைகளையும் சொல்ல வேண்டும். தூசி படியும், வாரம் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறேன். ஒன்றை வாசிக்கும்போது தொங்கும் மற்றவையும் கூடவே அதிரும். சும்மா வாசிக்கையில் இனிமைதான், பதிவு செய்யும்போது மைக்கில் ஏறிவிடும். கம்பிகளுக்கு நடுவில் ஃபெல்ட் துண்டைப் பின்னிவிட்டால் அடங்கிவிடும். ஆனால் பெரிய லாபம் ஒன்று உண்டு. தினமும் கண்ணில் படுவதால் பிரெட்டில் பச்சை பூப்பதும் பிரிட்ஜின் ஓரம் மயிரிழை அளவு தூக்குவதும் அன்றன்றே தெரிந்துவிடுகிறது. கேஸுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கிட்டாரில் பூஞ்சை பிடித்த வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

பல வாரம் ஊரில் இல்லையென்றால் எல்லாமே கேஸுக்குள் போய்விடும். கம்பிகளை அரை ஸ்வரம், மிஞ்சினால் ஒரு ஸ்வரம் இறக்குகிறேன். முழுக்கக் கழற்றுவதில்லை. ஸ்டீல் கம்பிகள் கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவை ஒட்டியது, அதை எதிர்த்து நிற்கும்படி ட்ரஸ் ராடு முறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மொத்தமாக விட்டுவிட்டால் கழுத்து பின்னால் வளையும். பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பகுதிக்கு) 9 வோல்ட் பேட்டரி போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். சாதாரண நாளிலும் அந்தக் கிட்டாரில் கேபிளைச் சொருகியபடி விடாதீர்கள், சொருகி இருக்கும் நேரமெல்லாம் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். கேஸ்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கொஞ்சம் விலக்கி வைக்கிறேன். திரும்பி வந்ததும் அறையின் ஈரப்பதம் 50-ஐ ஒட்டி வந்து நிற்கும்வரை கேஸ்களைத் திறப்பதில்லை. திறந்த பிறகு கம்பியைச் சுருதிக்கு ஏற்றி, ஒரு நாள் விட்டு மறுபடி சுருதி பார்த்து, அப்புறம்தான் சுவருக்குப் போகும்.