தகவல் கசிவு மெயில் வந்தால் 'ஏற்கிறேன்' பட்டனைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு கம்பெனியிடம் நாம் நம்பிக் கொடுத்த தகவல்கள் திருடுபோனால், அங்கிருந்து வருகிற முதல் மெயிலை வரிக்கு வரி வக்கீல் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். அதை ஏதோ விளம்பர மெயில் மாதிரி நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், அழித்தும் விடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

மெயிலின் தலைப்பில் கசிவு என்ற சொல்லே இல்லை. 'உங்கள் கணக்கின் பாதுகாப்பு குறித்த முக்கிய அறிவிப்பு' என்று இருந்தது. முதல் மூன்று பத்தியும் வாடிக்கையாளர் பாதுகாப்பில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்பது பற்றி. நாலாவது பத்தியில்தான், சில வாடிக்கையாளர்களின் சில அடிப்படைத் தகவல்களை அனுமதியில்லாத ஒருவர் பார்த்திருக்க வாய்ப்புண்டு என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே விஷயத்தைக் கண்டுபிடித்த தேதி இருந்தது. மெயில் வந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நடுவில் மாதங்கள் ஓடியிருந்தன. அந்த இரண்டு தேதியும் அவர்களே கொடுத்த ஆதாரம், அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்-படி, கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் பொதுவாக அரசின் தகவல் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். மக்களுக்குப் பெரிய ஆபத்து உண்டு என்றால் தேவையில்லாமல் தாமதிக்காமல் அவர்களுக்கும் சொல்ல வேண்டும், அதுவும் என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு வரலாம், யாரைத் தொடர்புகொள்வது என்று புரிகிற மொழியில். சிங்கப்பூரில், அறிவிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கசிவு என்று முடிவான பிறகு அங்குள்ள தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல மூன்று நாள்தான். தாமதம் தனியாகவே ஒரு சட்டமீறலாக இருக்கலாம், கசிவை விடுங்கள்.

கஸ்டமர் கேரில் கூப்பிட்டால் அந்த நாலாவது பத்தியையே படித்துக் காட்டினார்கள். என் தகவலில் எதெது போனது என்று மெயிலில் கேட்டதற்கு 'உங்கள் கணக்கு தற்போது பாதுகாப்பாக உள்ளது' என்று பதில். நான் கேட்டது அதையல்ல. அப்புறம் ஒரு வக்கீல் நண்பர் சொல்லித்தான், 'என்னைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாத் தகவலின் நகலும், இந்தச் சம்பவத்தில் அவற்றில் எவை வெளியே போயின என்ற விவரமும் தேவை' என்று சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினேன். பல நாட்டுச் சட்டங்களில் இந்த உரிமை இருக்கிறது, ஜிடிபிஆரில் பதில் தர பொதுவாக ஒரு மாதம் கெடு. சட்டத்தின் பெயர் வந்ததும் குரல் மாறியது. வந்த பட்டியலைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது: பெயர், போன் நம்பர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நாலு எண், அதோடு நான் அடையாளச் சான்றாக ஏற்றிய அட்டையின் படம். அட்டைப் படம் போனதை முதல் மெயிலில் மூச்சுக்கூட விடவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், பிறந்த தேதியையும் அட்டையையும் எப்படி மாற்றுவது?

இப்போது தலைப்பில் சொன்ன பட்டன். மெயிலின் கடைசியில் 'உங்கள் மன நிம்மதிக்காக' என்று என் தகவலை யாராவது தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துச் சொல்லும் ஒரு வருட இலவசக் கண்காணிப்புச் சேவை கொடுத்திருந்தார்கள். லிங்கைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பெட்டி, அதை உருட்டிக்கொண்டே போனால் ஒரு விதி. இந்தச் சம்பவம் தொடர்பான எந்தப் பிணக்கையும் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவர் மூலமாகவே தீர்த்துக்கொள்வேன், மற்றவர்களோடு சேர்ந்து கூட்டு வழக்கில் சேர மாட்டேன் என்று நான் சம்மதிப்பதாக அது சொன்னது. படித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இது புதிய தந்திரமும் இல்லை. 2017-இல் அமெரிக்காவில், மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் போனபோது, அவர்கள் கொடுத்த இலவசச் சேவையின் விதிகளிலும் இதே மாதிரி நடுவர் விதி இருந்தது. மக்கள் கொதித்த பிறகுதான் அதை எடுத்தார்கள். எல்லா இலவசச் சேவையிலும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை, சில நாடுகளில் இப்படிப்பட்ட விதி நுகர்வோரிடம் செல்லாமலும் போகலாம். ஆனால் படிக்காமல் சம்மதிக்காதீர்கள், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் ஒரு போன். கம்பெனி பெயரைச் சொல்லி, என் கார்டின் கடைசி நாலு எண்ணையும் சரியாகச் சொல்லி, கசிவுக்கான இழப்பீடு ஒதுக்கியாகிவிட்டது, பரிசீலனைக் கட்டணம் மட்டும் கட்டி ஓடிபி சொன்னால் போதும் என்றார் ஒருவர். என்னிடமிருந்து திருடியதையே வைத்து என்னை நம்பவைக்கப் பார்க்கிறார்கள்! துண்டித்துவிட்டேன். ஈக்விஃபேக்ஸ் இழப்பீடு அறிவித்தபோதும் போலி இணையதளங்கள் முளைத்தன, அமெரிக்க அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. இப்படி ஒதுக்கிய உண்மையான இழப்பீட்டைக் கோருவதற்குக் கட்டணம் கிடையாது, போனில் யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டியதும் இல்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. நான் கேள்வியே பட்டிராத ஒரு கடன் நிறுவனத்திலிருந்து தவணை பாக்கி என்று கடிதம். என் பெயர், என் பிறந்த தேதி, யாரோ ஒருவருடைய போன் நம்பர். அன்றே போலீஸில் சைபர் புகார் கொடுத்து, கடன் நிறுவனத்துக்கும், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்பு அனுப்பினேன். தகவலைக் கசியவிட்ட கம்பெனிக்கு எழுதியபோது வந்த பதில்: 'இந்தக் கடனுக்கும் எங்கள் சம்பவத்துக்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை.'

இப்படிப்பட்ட வழக்குகள் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான். தகவல் கசிந்தது உண்மை, நஷ்டம் வந்ததும் உண்மை, ஆனால் இந்தக் கசிவால்தான் இந்த நஷ்டம் என்று இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியது நம் தலையில் விழுகிறது. 'வேறு எங்கிருந்தாவது போயிருக்கலாமே' என்று அவர்கள் ஒரு வரியில் தப்பித்துவிடுவார்கள். என் விஷயத்தில் முடிச்சு கிடைத்தது. கடன் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன், அதில் என் அட்டையின் படம். இடது மூலையில் என் கட்டைவிரல் நுனி, மேலே விளக்கொளி பட்டு ஒரு வெள்ளைத் திட்டு. அந்தக் கம்பெனிக்காக நான் போனில் எடுத்து ஏற்றிய அதே படம்! அந்தப் படத்தை வேறு யாருக்கும் நான் கொடுத்ததில்லை, மூலப்படம் எடுத்த தேதியோடு என் போனில் அப்படியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வக்கீல் நோட்டீஸ் போனது. 'தொடர்பு இல்லை' என்ற வாக்கியம் அதற்குப் பிறகு அவர்கள் கடிதத்தில் வரவில்லை. கடன் நிறுவனமும் கணக்கை ரத்து செய்து எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் எங்கே எந்தப் படத்தை ஏற்றினாலும் மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் யாருக்காக, எந்தத் தேதியில் என்று நகலின் மேலேயே எழுதிவிட்டு ஏற்றுங்கள்.

சரி, சட்டத்தில் என்ன கிடைக்கும்? நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பாவில் ஜிடிபிஆரின் 82-ஆம் பிரிவு பண நஷ்டத்துக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. சட்டம் மீறப்பட்டது என்பது மட்டும் போதாது, உண்மையில் பாதிப்பு இருக்க வேண்டும், ஆனால் அந்தப் பாதிப்பு பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. தகவல் தவறாகப் பயன்படுமோ என்ற நியாயமான பயமும் பாதிப்பாக எண்ணப்படலாம், பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று காட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு என்று அதே ஆண்டு டிசம்பரில் சொன்னது. அமெரிக்காவில் இவ்வளவு சுலபமில்லை. வருங்கால ஆபத்து மட்டும் இருந்தால் இழப்பீட்டு வழக்குக்குப் போதாது என்ற திசையில் 2021-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஈக்விஃபேக்ஸ் போன்ற இன்னொரு நிறுவனமான டிரான்ஸ்யூனியன் மீதான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கூட்டு வழக்கில் சேரலாம்தான், ஆனால் தொகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஈக்விஃபேக்ஸ் சமரசத்தில், இலவசக் கண்காணிப்புக்குப் பதிலாகப் பணம் கேட்டால் 125 டாலர் வரை என்றார்கள், அந்த வகைக்கு ஒதுக்கியதோ மொத்தமே 3.1 கோடி டாலர். விண்ணப்பங்கள் குவிந்ததும், அதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று அரசின் வர்த்தக ஆணையமே சொல்லிவிட்டது. கைக்காசு போனதற்கு ரசீது வைத்திருந்தவர்கள் தனி வகையில் கேட்க முடிந்தது. ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்துச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அதில் இழப்பீடு கிடையாது. இழப்பீட்டுக்கு இதுவரை இருந்த வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, அதையும் இந்தப் புதிய சட்டம் நீக்குகிறது. இது எனக்கு ஏற்கவே முடியாத ஏற்பாடு. நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம், பொதுவாக இரண்டு வருடத்துக்குள்.

கண்காணிப்பு அமைப்பிடம் புகார் கொடுப்பதால் பணம் வராது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கம்பெனி பாதுகாப்பில் எங்கே கோட்டை விட்டது என்பதை நம்மால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது, அந்த அமைப்பால் முடியும். கம்பெனி தவறு செய்தது என்று அது ஒரு முடிவு எழுதிவிட்டால், பிறகு இழப்பீட்டு வழக்கில் அதைத் தூக்கி மேசையில் வைக்கலாம். நான் அதற்காகத்தான் முதலில் அங்கே போனேன். புகாரை ஏற்றுக்கொண்டு கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், நடுவர் விதியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். சிவில் வழக்குக்கான கெடு தேதியை வக்கீல் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார், ஏனென்றால் புகார் நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நமக்காக நிற்கும் என்று எண்ணிக்கொள்ள முடியாது.